விக்கல் எடுத்த ரிப்பீட்டர்

மே மாதம், கத்திரி வெயில். கடலூரில் எங்கள் ஹாம் ரேடியோ ரிப்பீட்டருக்கு விக்கல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. மதியம் இரண்டு மணி தாண்டினால் ஆரம்பித்துவிடும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கையடக்க செட்டில் கூப்பிடுவார். "அண்ணே, வணக்..." என்பதோடு அறுந்துபோகும். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு "...க்குதா?" என்று ஒரு துண்டு வரும், மறுபடி அறுபடும். அதே நேரத்தில் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறவர் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல வரும். பொழுது சாய்ந்ததும் பரங்கிப்பேட்டையும் சரியாகிவிடும்.

தம்பியின் செட்டில்தான் கோளாறு என்று நாங்கள் நாலு பேரும் முதல் வாரம் முடிவுகட்டியிருந்தோம். பாவம், அவர் பேட்டரிகூட மாற்றிப் பார்த்தார். கோளாறு எங்கள் பெட்டிக்குள் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ரிப்பீட்டர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் உள்ளூரில் பேசிக்கொள்ள அதிகம் பயன்படுத்துவது இரண்டு மீட்டர் அலைவரிசை. நம் நாட்டில் அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமி வளைந்தால் கூடவே ரொம்ப தூரம் வளையாது. எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதன் தொடுவானம் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5. ஆகவே சில்வர் பீச்சில் நிற்பவரும் இன்னொருவரும் வெட்டவெளியில் 10 கிலோமீட்டர்வரை பேசலாம். நடுவில் திருப்பாதிரிப்புலியூர் கட்டடங்கள் வந்தால் அதில் பாதிகூடத் தேறாது. புதுச்சேரி 20 கிலோமீட்டருக்கு மேல், வாய்ப்பே இல்லை. வாட்டைக் கூட்டினாலும் பூமி குறுக்கே நிற்கத்தான் செய்யும்.

உயரத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து, இவர் சொல்வதைக் கேட்டு அவரிடம் சொல்லச் சொன்னால் வேலை முடிந்தது. அந்த ஆள்தான் ரிப்பீட்டர். கேப்பர் மலைப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் எங்களுடையது இருக்கிறது. மேட்டின் உயரம், மாடி, கம்பம் எல்லாம் சேர்த்துச் சுற்றுவட்டத் தரையிலிருந்து 36 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 25 கிலோமீட்டர். கேட்பவரின் 5-ஐயும் சேர்த்தால் 30. வடக்கே புதுச்சேரி, மேற்கே பண்ருட்டி, தெற்கே பரங்கிப்பேட்டை எல்லாம் வட்டத்துக்குள் வந்துவிடும். கிழக்கே கடல்.

சொல்லிவிட்டால் எளிது. சிக்கல் எங்கே என்றால், இந்த ஆள் முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு சொல்கிறவர் இல்லை. கேட்கும்போதே சொல்ல வேண்டும், அதுவும் ஒரே ஆண்டெனாவில். 145.1 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்துக்கொண்டு 145.7-இல் கத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி.

கத்தல் எவ்வளவு, கேட்பது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஆண்டெனாவுக்கு 20 வாட் போகிறது. நல்ல ரிசீவர் ஒரு மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே புரிந்துகொள்ளும். இரண்டையும் வாட்டில் ஒப்பிட்டால் வித்தியாசம் 250 கோடி கோடி மடங்கு. திருவிழா மைக்செட்டின் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, தெருக்கோடியில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது என்று நான் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அந்த உவமையும் போதாது.

இதில் தொல்லை இரண்டு வகையில் வருகிறது. முதல் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது: பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் சத்தத்தில் ரிசீவர் திணறிச் செவிடாகிவிடும். இரண்டாவது தொல்லைதான் புதிதாகக் கட்டுகிறவர்களைக் கவிழ்ப்பது. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையில் மட்டும் சுத்தமாகப் பேசுவதில்லை. இரண்டு பக்கமும் மெல்லிய இரைச்சலைச் சிந்திக்கொண்டே இருக்கும். 145.7-இல் கத்தும்போது 145.1-இலும் கொஞ்சம் சிந்துகிறது. ரிசீவர் காதை வைத்திருப்பதும் அதே இடத்தில். அங்கே விழுந்துவிட்ட இரைச்சலை ரிசீவர் பக்கத்தில் எந்த ஃபில்டர் போட்டும் எடுக்க முடியாது. அரிசியில் அதே நிறத்துக் கல் கலந்தால் உலையில் போடும்போது பொறுக்க முடியுமா? ஆலையிலேயே நீக்கியிருக்க வேண்டும். அதனால் ரிசீவர் பக்கம் ஒரு தடுப்பு, டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஒரு தடுப்பு, இரண்டுமே வேண்டும். ரிசீவருக்கு இயல்பாக இருக்கும் தாங்கும் சக்தி போக, வெளியிலிருந்து ஏறக்குறைய 85 டெசிபல் தடுப்பு தேவைப்படும். அதாவது 30 கோடியில் ஒரு பங்குதான் கசியலாம்.

இரண்டு ஆண்டெனாவைத் தள்ளித் தள்ளி வைத்தால் தீராதா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள்: பக்கவாட்டில் வைத்தால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒன்றின் தலைக்கு நேர் மேலே இன்னொன்றை வைத்தால் 55 மீட்டர் போதும். 55 மீட்டர் என்பது பதினெட்டு மாடி. கம்பத்துக்கு ஆகும் செலவில் ஒரு வீடே கட்டிவிடலாம்.

அதனால்தான் டூப்ளெக்சர்: ஒரே ஆண்டெனாவில் அந்த இரண்டு தடுப்பையும் போடும் சாதனம். பார்க்க ஆறு உலோக உருளைகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம். அந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் கால்வாசி 52 சென்டிமீட்டர். உருளையின் நடுவில் அந்த நீளத்துக்கு ஒரு செப்புத்தண்டு நிற்கும். சரியான அலை வந்தால் மட்டும் அது உள்ளே ஒத்து அதிரும். ஜலதரங்கக் கிண்ணங்களில் தண்ணீரின் அளவை மாற்றிச் சுருதி சேர்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே தண்ணீருக்குப் பதிலாகத் தண்டின் நீளம். மேலே இருக்கும் திருகைத் திருப்பினால் தண்டு இறங்கும் அல்லது ஏறும், சுருதி மாறும். மூன்று உருளைகள் 145.7-ஐ விட்டுவிட்டு 145.1-இல் சிந்தும் இரைச்சலை விழுங்கும். மற்ற மூன்றும் 145.1-ஐ விட்டுவிட்டு 145.7-ஐ விழுங்கும்.

சுருதி சேர்க்கும் வேலையைத் தரையில் உட்கார்ந்துதான் செய்வோம். நானோ வி.என்.ஏ. என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. முன்பெல்லாம் இந்த வேலைக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டும். அதன் திரையில் ஒரு கோடு படுக்கையாகப் போகும், ஓரிடத்தில் கிணறு மாதிரி குழி விழும். அந்தக் குழியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சரியாக 145.7-இல் நிறுத்த வேண்டும். திருகைக் கால் சுற்று திருப்பினால் குழி தாண்டி ஓடிவிடும். நகத்தால் தள்ளுவதுபோலத் தள்ளி, லாக் நட்டை இறுக்கினால், இறுக்கிய இறுக்கில் மறுபடி நகரும். கை எடுத்தபிறகு எங்கே போய் நிற்கும் என்று ஊகித்து, கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தப் பழக வேண்டும். ஆறு உருளைக்கு எனக்கு ஓர் இரவு ஆகும். ஆன்லைனில் கிடைக்கும் சின்னப் பெட்டி டூப்ளெக்சர்களை வாங்கி ஏமாறாதீர்கள். அவை 5 மெகாஹெர்ட்ஸ் போல இடைவெளி உள்ள செட்களுக்கானவை. 600 கிலோஹெர்ட்ஸுக்கு உதவாது.

மற்ற பாகங்கள் பெரிய விஷயம் இல்லை. டாக்ஸி கம்பெனிகள் கழித்துவிட்ட வண்டி செட் இரண்டு, ஒன்று கேட்க, ஒன்று பேச. வண்டி செட்கள் விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆகவே 50 வாட் செட்டை 20 வாட்டுக்குக் குறைத்து, முதுகில் ஒரு ஃபேன் வைத்துவிட வேண்டும். நடுவில் கண்ட்ரோலர் என்று ஒரு சின்ன சர்க்யூட், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையிலேயே செய்துவிடலாம். ரிசீவரில் குரல் வந்தால் டிரான்ஸ்மிட்டரை எழுப்பும், குரல் நின்றபின் ஒரு நொடி பொறுத்து அணைக்கும். யாராவது மூன்று நிமிடம் விடாமல் பேசினால் தானே வாயை மூடிவிடும். சீட்டுக்கு அடியில் மைக் பட்டன் அழுந்திக் கிடந்து, ஒருவர் வீட்டுச் சண்டை முழுவதும் ஊருக்குக் கேட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. இதையெல்லாம் காற்றில் விடுவதற்கு முன் ஹாம் உரிமமும் ரிப்பீட்டருக்கான அனுமதியும் கையில் இருக்க வேண்டும். தேர்வு எழுத 12 வயது நிரம்பினால் போதும்.

இப்போது விக்கலுக்கு வருவோம். பரங்கிப்பேட்டைத் தம்பியின் அலை மெலிந்துதான் வந்து சேர்கிறது. ரிசீவர் அதைக் கேட்கிறது, கண்ட்ரோலர் டிரான்ஸ்மிட்டரை எழுப்புகிறது. டூப்ளெக்சர் சுருதி தவறியிருந்தால், எழுந்த டிரான்ஸ்மிட்டர் தன் ரிசீவரையே செவிடாக்கிவிடும். தம்பியின் குரல் அதில் மூழ்கிவிடும். குரல் இல்லையே என்று கண்ட்ரோலர் டிரான்ஸ்மிட்டரை அணைக்கிறது. அணைந்ததும் காது திறக்கிறது, தம்பி மறுபடி கேட்கிறார், டிரான்ஸ்மிட்டர் மறுபடி எழுகிறது. இந்தச் சுற்றுதான் விக்கல். மஞ்சக்குப்பத்தார் அலை பலமானது. அரைச் செவிடான காதுக்கும் எட்டிவிடும்.

அது சரி, மதியம் மட்டும் ஏன்? உருளைகளை நாங்களே அலுமினியக் குழாயில் செய்து, உள்தண்டுக்கு ஏசி மெக்கானிக் கடையிலிருந்து செப்புக்குழாய் வாங்கிப் போட்டிருந்தோம். சுருதி சேர்த்தது மார்கழி இரவில். மே மாத மதியம் மாடித் தகரக் கொட்டகையில் அதைவிட 20 டிகிரியாவது அதிகம் இருக்கும். ஒரு டிகிரி சூடேறினால் செம்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு வளரும். 20 டிகிரிக்குக் கணக்குப் பார்த்தால், அரை மீட்டர்த் தண்டு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வளரவில்லை. ஆனால் சுருதி 50 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிட்டது. அவ்வளவு பாடுபட்டு 145.7-இல் நிறுத்திய கிணறு, பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

கம்பெனி டூப்ளெக்சர்களில் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். செப்புத்தண்டின் நுனியை நகர்த்தும் கம்பி இன்வார் என்ற உலோகக் கலவையில் இருக்கும். இரும்பு 64 பங்கு, நிக்கல் 36 பங்கு. சூட்டுக்கு ஏறக்குறைய அசையாது. செம்பு 17 பங்கு வளரும் இடத்தில் இது ஒன்றேகால் பங்குதான் வளரும். சுவிட்சர்லாந்துக்காரரான ஷார்ல் கியோம் இதைக் கண்டுபிடித்தார். 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் அடிபட்டு நசுங்கிய பழைய டூப்ளெக்சர் ஒன்று கிலோ விலைக்குக் கிடைத்தது. அதன் வயிற்றிலிருந்து இன்வார் கம்பிகளை உருவி எங்கள் உருளைகளுக்குப் போட்டோம். கம்பி நுனியைப் பிடித்துக்கொள்ளும். செப்புக்குழாய் வேண்டுமட்டும் வளர்ந்து, நுனியின் மேல் வழுக்கிக்கொள்ளட்டும். அடுத்த நாள் மதியம் இரண்டரை மணிக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூப்பிட்டார்: "அண்ணே, விக்கல் நின்னுடுச்சி. யாரோ நெனச்சிட்டிருந்தாங்கபோல."

சூட்டை வென்றாலும் உப்பை வெல்ல முடியவில்லை. கடலூரில் ஜன்னல் கம்பியே நாலு வருடம் தாங்காது. ஒருமுறை ஆண்டெனா அடியில் கனெக்டரைக் கழற்றினேன்; உள்ளே மடக்கி வைத்த செப்பு நரம்பெல்லாம் பச்சைக் களிம்பு. கேபிளை ஒரு சாண் வெட்டினேன், களிம்பு இருந்தது. இன்னொரு சாண், அங்கேயும். கேபிளின் செப்புப் பின்னலுக்குள் தண்ணீர் திரிபோல ஏறியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு இணைப்பையும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுகிறோம். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் கூரை ஓடு மாதிரி மேலடுக்கு கீழடுக்கை மூடும். கட்டடத்துக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், வழிந்துவரும் மழை அங்கேயே சொட்டிவிடும்.

களிம்பு இழப்பை மட்டும் தருவதில்லை. துருப்பிடித்த இரண்டு உலோகங்கள் தொட்டும் தொடாமலும் இருந்தால் அந்த இடம், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடுபோல நடந்துகொள்ளும். 20 வாட் அதன்மேல் பட்டதும் புதிய இரைச்சல் பிறக்கும். ஒருமுறை டூப்ளெக்சரை இரண்டு நாள் நோண்டிவிட்டு, கடைசியில் குற்றவாளி கம்பத்தைக் கட்டியிருந்த துருப்பிடித்த இழுகம்பி என்று கண்டுபிடித்தோம். கேபிளுக்குள்ளும் இதே கதை நடக்கும். அலுமினியத் தாளின்மேல் ஈயம்பூசிய செப்புப் பின்னல் போட்ட கேபிள்கள் இழப்பு குறைவானவை. சாதாரண செட்டுக்கு அருமை. ஒரே நேரத்தில் பேசிக் கேட்கும் ரிப்பீட்டரில் அந்தத் தாளும் பின்னலும் காற்றில் உரசி இரைச்சல் கொடுக்கும். செம்புப் பின்னல் இரண்டடுக்கு உள்ளதையே போடுங்கள். மெல்லிய கேபிளில் மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள்: ஆர்.ஜி. 58 போட்டால் 30 மீட்டரில் 20 வாட் 5 வாட்டாகிவிடும்.

ஆடி முடிந்ததும் பேட்டரியைச் சோதித்துவிடுவோம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதைப் பார்த்தவர்கள் மின்வாரியத்தை நம்பி ரிப்பீட்டர் வைக்க மாட்டார்கள். பேசும்போது 6 ஆம்பியர், சும்மா இருக்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவு. நாளில் கால்வாசி நேரம் பேச்சு ஓடினால் சராசரி 2 ஆம்பியர்கூட வராது. 100 ஆம்பியர்-மணி லாரி பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்காமல் வைத்தாலும் ஒரு நாள் தாண்டும். அதற்குமேல் சோலார் தகடு.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு மனக்குறை. கண்ட குரலுக்கெல்லாம் ரிப்பீட்டர் எழக்கூடாது என்று, பேச்சோடு 88.5 ஹெர்ட்ஸ் டோன் ஒன்று சேர்ந்து வந்தால்தான் திறக்கும்படி வைத்திருக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் சித்திரை, வைகாசி விடியற்காலைகளில் கடல்மேல் குளிர்காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காகப் படிந்து நிற்கும். அந்த இடுக்கில் அலை குழாய்க்குள் தண்ணீர்போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும். எண்பதுகளில் இந்தக் கடலோரத்து வீடுகளில் உயரமான ஆண்டெனா நட்டு இலங்கை ரூபவாகினி பார்த்தது இந்தக் காற்றின் தயவில்தான். டோன் போட்டபிறகு அந்த வழிப்போக்கர்கள் யாரும் எங்கள் ரிப்பீட்டருக்குள் வருவதில்லை. அதனால் அந்த மாதங்களில் ஐந்து மணிக்கே எழுந்து, மாடிக்குப் போய், கையிலிருக்கும் செட்டில் டோனை அணைத்துவிட்டு 145.1-ஐத் திறந்து வைப்பேன். பெரும்பாலும் இரைச்சல்தான். போன வருடம் ஒருநாள், பால்காரர் மணியடித்துப் போனதற்கும் வெயில் ஏறியதற்கும் நடுவே, ஒரு தெலுங்குக் குரல் பத்து நிமிடம் தெளிவாக யாரோடோ பேசிக்கொண்டிருந்தது.