வன்மரம், மென்மரம்: மாணவர் கையில் லென்ஸைக் கொடுங்கள்

வடிவமைப்பு மாணவர்களின் வரைபடங்களில் அடிக்கடி கண்ணில் படும் குறிப்பு: "பொருள்: வன்மரம்". எந்த மரம் என்று கேட்டால் பதில் வராது. வன்மரம் என்றால் உசத்தி, மென்மரம் என்றால் மட்டம் என்று மனதில் பதிந்திருக்கிறது. பட்டறைக்குள் நுழையும் முன்பே இதைக் களைய வேண்டும்.

இது தாவரவியல் பிரிவு. பைன், ஸ்புரூஸ், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். தேக்கு, ஓக், மேப்பிள் போலப் பூத்துக் காய்ப்பவை வன்மரங்கள். மாதிரி விமானம் செய்யும் பால்சாவில் நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும்; அதுவும் வன்மரம்தான். வில் செய்யப் பயன்பட்ட யூ மரம் மென்மரம், ஆனால் பல வன்மரங்களைவிடக் கெட்டி.

நான் பாடத்தை வெட்டுமுகத்திலிருந்து தொடங்குவேன். கட்டையின் முனையைக் கூரான உளியால் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கச் சொல்வேன். ஓக்கில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். மேப்பிளில் பொடித் துளைகள் பரவலாக இருக்கும். பைனில் நீர்க்குழாய்த் துளைகளே கிடையாது. வெளிர், அடர் பட்டைகளும் அங்கங்கே பிசின் நாளங்களும்தான். ஊசியிலை மரத்தில் நீர் ஏற்றுவதும் மரத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் ஒரே வகை நீண்ட செல்கள். வன்மரத்தில் நீருக்கென்று தனிக் குழாய்கள் உண்டு. இதைக் கண்ணால் பார்த்த மாணவர் பிறகு மறப்பதில்லை.

சிவப்பு ஓக்கின் சிறு துண்டை எடுத்து, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் வராது. அதன் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஒயின் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுவது இதனால்தான். காய் நறுக்கும் பலகைக்குப் பொடித் துளை கொண்ட மேப்பிளும் பீச்சும் பொருந்தும். வயலினின் மேற்பலகை எடை குறைந்த, விறைப்பான ஸ்புரூஸ், பின்பலகை மேப்பிள். ஒரே கருவியில் இரண்டு இனமும் தத்தம் வேலையைச் செய்கின்றன. நீராவியில் வளைக்க பீச், ஆஷ் போன்ற வன்மரங்களே ஏற்றவை. மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி வளைத்த பீச்சில் ஆனது.

இரண்டு இனமும் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகச் சொற்பம். வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து மரப்பட்டைக்குச் செல்லும் திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மேசைப் பலகையை அசையவிடாமல் திருகாணி முடுக்கினால் அது வெடிக்கும்; துளையை நீள்வட்டமாகப் போடப் பழக்குங்கள்.

பட்டறைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் தூசி. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பீச், ஓக் தூளை நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்கு மூக்கிலும் சைனஸிலும் அந்த ஆபத்து அறியப்பட்டது. மென்மரம்தானே என்றும் இருக்க முடியாது: மேற்கத்திய சிவப்பு செடார் தூள் ஆஸ்துமா வரவழைக்கும். இயந்திரத்தின் வாயிலேயே தூசி உறிஞ்சி வேண்டும், முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வேண்டும். தேய்த்து முடித்த மேசையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே விடாதீர்கள். தூசியை உறிஞ்சி எடுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.