பெரிய டயர் போட்டால் ஸ்டீரிங்கில் முதலில் எது உடையும்?

தனுஷ்கோடிக்கு 2017-இல் சாலை வருமுன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி மணலில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: காற்றை இறக்கினால் டயர் பரந்து மிதக்கும், இறக்காவிட்டால் புதையும். அகல டயர்மேல் ஆசை வருவதும் இதனால்தான். 245 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 315 மாட்டினால் ஜீப் மிதக்கத்தான் செய்யும். திருப்பும்போதுதான் கணக்கு தீர்க்க வேண்டிவரும்.

வண்டி நிற்கையில் ஸ்டீரிங்கை ஒடித்தால் டயர் உருளாது, தரையில் அரையும். அதற்கு வேண்டிய முறுக்குவிசையை, தரையின் பிடிப்போடு மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று சக்கரத்தின் மேலுள்ள எடை, அடுத்தது டயரின் அகலம். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின் அச்சைக் கீழே நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம். அகல டயர் ஸ்பிரிங்கில் உரசாமல் இருக்க, வெளியே தள்ளிய ரிம் போடுவார்கள். 3 செ.மீ. இருந்த அந்தத் தூரம் 7 ஆகிவிடும். ஒரு முன்சக்கரத்தின் மேல் 600 கிலோ, காய்ந்த தார்ச்சாலை என்று வைத்தால், முறுக்குவிசை சுமார் 380 நியூட்டன் மீட்டரிலிருந்து 540-க்குப் போகிறது. மணலில் காற்றையும் இறக்கிவிட்டு நின்றபடியே ஒடித்தால், டயரின் பக்கச்சுவர் மணலைக் குவித்து எதிரே ஒரு வரப்பே கட்டிவிடும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே ஒடிப்பதுதான் செலவில்லாத வைத்தியம்.

ஸ்டீரிங் கனமாக இருக்கிறதே என்று முதலில் பெரிய பவர் ஸ்டீரிங் பம்ப் வாங்குகிறவர்கள் உண்டு. அது தலைகீழ் வேலை. பம்பின் பலம் ஸ்டீரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அந்த அசைவைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் டிராக் லிங்க், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் என்று வரிசையாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பலம் கூடினால் அந்த வரிசையில் மெலிந்தது வளையும். ஆகவே சக்கரத்தில் தொடங்கி மேலே போக வேண்டும்.

முதல் வேலை டை ராட். 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள குழாய்க்குப் பதிலாக, 32 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிமனில் தையலில்லாத குழாய் போட்டால், அதே நீளத்தில் வளைவதை எதிர்க்கும் திறன் சுமார் 3.4 மடங்காகும். வளைவதைத் தடுப்பதில் தடிமனைவிட விட்டத்துக்கே பங்கு அதிகம். ராடின் முனைகளில் உள்ள பால் ஜாயின்ட்டுகளையும் (உருண்டை மூட்டுகள்) ஒரு சைஸ் கூட்ட வேண்டும். இல்லையென்றால் ராட் நிற்கும், ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்தது, ஸ்டீரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடம். ஒருவரை ஸ்டீரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். பாக்ஸ் அசைந்தால் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் தொடங்கியிருக்கலாம். விரிசலை வெல்டு வைத்து மூடிவிட்டு மட்டும் விடக்கூடாது. போல்ட் துளைக்குள் குழாய் புகுத்தி, வெளியே தகடு வைத்து, எதிர்ப்பக்க சேசிஸுக்கு ஒரு தாங்கு கம்பியும் கொடுக்க வேண்டும்.

டயருக்காக ஸ்பிரிங்கை உயர்த்தியிருந்தால் டிராக் லிங்க் சரிந்து நிற்கும். பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் அது சக்கரத்தைத் தானே திருப்பும். லிங்க் கிடைமட்டத்துக்கு நெருங்க வேண்டும். அதிர்வை அடக்கும் ஸ்டீரிங் டேம்பர் இதைச் சரிசெய்யாது, மறைக்க மட்டுமே செய்யும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ஹைட்ராலிக் ராம், அதாவது ஆயில் அழுத்தத்தால் டை ராடைத் தள்ளி உதவும் சிலிண்டர். ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை டை ராடில். 40 மி.மீ. பிஸ்டனும் 20 மி.மீ. தண்டும் கொண்ட ராம், 100 பார் அழுத்தத்தில் தள்ளும்போது சுமார் 1,280 கிலோ விசையும், இழுக்கும்போது 960-ம் தரும். தண்டு இடத்தை அடைப்பதால் வரும் வித்தியாசம் இது. வாங்குமுன் ஒரு லாக்கிலிருந்து (ஸ்டீரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பி நிற்கும் எல்லை) மறு லாக் வரை டை ராட் எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளின் ஸ்டாப் போல்ட் தட்டிய பிறகும் ராமில் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். ராமுக்கு ஆயில் எடுக்க பாக்ஸில் துளையிடுவதாக இருந்தால் முழுதாகப் பிரித்தே செய்யுங்கள். ஒரு துளி உலோகத்தூள் போதும், வால்வு போய்விடும். இரண்டு ஹோஸும் மாறிப்போனால் பாக்ஸ் ஒரு பக்கமும் ராம் மறுபக்கமுமாக மல்லுக்கட்டும். அதனால் முதல் சோதனையை முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்துச் செய்யுங்கள். காற்றை வெளியேற்ற, இன்ஜின் அணைந்த நிலையில் லாக் முதல் லாக் வரை 20 தடவை திருப்ப வேண்டும். லாக்கில் 5 நொடிக்கு மேல் பிடித்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும், ஆயில் கூலர் இருந்தாலும்தான்.

ஸ்டீரிங் பாக்ஸுக்குப் பதில் பற்சட்டம் உள்ள ராக் அண்ட் பினியன் வண்டிகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொதுச்சாலையில் ஓடும் வண்டியானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

தனுஷ்கோடியின் ஒரு பக்கத்து அமைதியான பெண் கடல் ஆனாலும் மறுபக்கத்து அலையடிக்கும் ஆண் கடல் ஆனாலும் உப்புக்காற்று ஒன்றுதான். ராம் தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துரு விழுந்தால், ஒவ்வொரு ஒடிப்பிலும் அது ஆயில் சீலை அறுக்கும். மணலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பால் ஜாயின்ட் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்டு உள்ளே போகும் பக்கத்துக்கு ஸ்டீரிங்கை ஒடித்து நிறுத்துங்கள்.