டேப்பட் சத்தத்தை அவசரப்பட்டு அடக்காதீர்கள்

பழைய காரின் எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையைத்தான் வைக்கிறார்கள்: சத்தம் போக வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, 'கொஞ்சம் கெட்டி ஆயிலாக ஊற்றுங்கள்', 'டேப்பட்டை (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகை) நன்றாக டைட் வையுங்கள்' என்று தீர்வையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இவ்விரண்டுமே பல வண்டிகளில் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் அப்படி அடக்கப்பட்ட எஞ்சின்கள் சில மாதங்கள் கழித்து ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்ற வேண்டிய நிலையில் திரும்பி வருவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரையே எடுத்துக்கொள்வோம். அதன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் ஆம்னி வேனிலும் இருக்கிறது. வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் சுழலும்போது ராக்கர் ஆர்ம் என்ற சிறு நெம்புகோல் அசைந்து வால்வைத் திறக்கிறது. ராக்கரின் முனையில் உள்ள திருகுக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளியைத் திட்டமிட்டே விட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும் இந்த அளவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்குக்குள் அடங்கிவிடும். எனவே இவ்வகை எஞ்சினில் மெல்லிய, சீரான டிக் சத்தம் கொஞ்சம் இருப்பது இயல்பே. தேய்மானத்தால் இடைவெளி கூடும்போது அது உரக்கக் கேட்கிறது.

காரணத்தைத் தேடும் முன் முதலில் பார்க்க வேண்டியது ஆயில்தான். வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து அளவைப் பாருங்கள். பழைய எஞ்சின்கள் ஆயிலைக் கொஞ்சம் எரிப்பது வழக்கம் என்பதால், சென்ற சர்வீசில் முழு அளவு ஊற்றியது நினைவிருக்கிறது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஆயில் குறைந்தால் கேம் ஷாஃப்ட்டும் ராக்கரும் இருக்கும் மேல்பகுதிக்குப் போதுமான ஆயில் ஏறாமல் போகலாம். அப்போது எழும் டிக் சத்தம் எஞ்சின் தரும் முதல் எச்சரிக்கை. அளவு சரியாக இருந்தும் சத்தம் இருந்தால், ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அளவுமானியைப் பொருத்தி அழுத்தத்தை நேரடியாகப் பார்த்துவிடுவது நல்லது. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அது எரியவில்லை என்பதை அழுத்தம் சரியாக இருப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, சத்தத்தைக் கேட்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்கின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், ஒரு வால்வு 400 முறை திறந்து மூடும். அதாவது ஒரு வால்வின் டிக் சத்தம் வினாடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும். கிராங்க் சார்ந்த தட்டல் அதைவிட இரு மடங்கு விரைவாக வரும். பழகிய காதுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆனால் சிலிண்டர்களின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட்டில் ஒரு சிலிண்டர் பக்கம் கசிவு இருந்தாலும் அதே பாதி வேகத்தில்தான் டிக் டிக் என்று கேட்கும் என்பதால், வேகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. இங்கேதான் எளிய கருவிகள் இரண்டு உதவுகின்றன. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் கவரில் (வால்வுப் பகுதியை மூடும் மேல்மூடியில்) வைத்து அதன் கைப்பிடியைக் காதருகே வைத்தால் உலோகத்தின் வழியாக வரும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒரு துண்டு ரப்பர் குழாயை எதையும் தொடாமல் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால் காற்றின் வழியாக வரும் கசிவுச் சத்தம் கேட்கும். முதலாவதில் உரக்கக் கேட்டால் வால்வுப் பகுதியையும், இரண்டாவதில் உரக்கக் கேட்டால் கேஸ்கட்டையும் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது இதைச் செய்பவர்கள் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் போகாமல் கவனமாக இருக்க வேண்டும். மின்விசிறி எந்த நேரத்திலும் தானாகச் சுழலத் தொடங்கும்.

வால்வுப் பகுதிதான் என்று உறுதியானால், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட்டைச் சரிசெய்ய வேண்டும். இது எளிய வேலை. மூன்று சிலிண்டர் வண்டியில் அரை நாளுக்கும் குறைவாகவே ஆகும். ஆனாலும் இதில்தான் தவறுகள் மிகுதியாக நடக்கின்றன. அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சின்களில் சூடான பிறகு இடைவெளி கூடுவதும் உண்டு. அதனால் கையேட்டில் குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனி அளவு கொடுத்திருப்பார்கள். ஒரு நிலைக்கு உரிய அளவை மற்றொரு நிலையில் வைத்தால் முழு வேலையும் வீணாகிவிடும்.

அளவைவிட இறுக்கி வைப்பதால் வரும் கேட்டை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எக்ஸாஸ்ட் வால்வு 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடித் தான் பொருந்தும் வளையமான சீட்டில் அமர்ந்திருக்கும் சிறு கணத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைத்தால் வால்வு முழுமையாக அமராது. வெப்பம் இறங்க வழியின்றி அதன் விளிம்பு எரிந்து உடையத் தொடங்கும், சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரஷன் குறையும், வண்டி ஏற்றத்தில் திணறும். இத்தனையும் நடக்கும்போது எஞ்சின் அமைதியாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இடைவெளி சற்றுக் கூடுதலாக இருந்து சத்தமிடும் வால்வைவிட, இடைவெளி இல்லாமல் மௌனமாக இருக்கும் வால்வைக் கண்டே நான் அஞ்சுகிறேன்.

எல்.பி.ஜி.யிலோ சி.என்.ஜி.யிலோ ஓடும் பழைய வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியமானது. பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட ஹெட்டை வாயுவில் ஓட்டும்போது வால்வு சீட் விரைவாகத் தேய்ந்து, வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். வால்வு இறங்க இறங்க இடைவெளி குறையும். டேப்பட் சத்தமும் தானாகவே அடங்கும். எதையும் செய்யாமலே சத்தம் நின்றுவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ச்சியோடு சொல்லும் எல்.பி.ஜி. ஆம்னியை, அன்றே டேப்பட் கவரைத் திறந்து அளந்து பார்க்கும்படி வற்புறுத்துகிறேன்.

எல்லா எஞ்சின்களிலும் இடைவெளியைச் சரிசெய்யும் இந்தத் திருகு இருக்காது. ஸ்விஃப்ட் உள்ளிட்ட பல கார்களில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினில் ஆயிலின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்கள் உள்ளன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் டிக் சத்தம் வந்து அடங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் சூடான பிறகும் நீடித்தால் ஆயிலின் வகை, மாற்றிய காலம், ஃபில்டரின் தரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றுவது சரியான வைத்தியம் அல்ல. அட்ஜஸ்டரும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் விரைவாக வந்து சேர்வதை நம்பியே இயங்குகின்றன; தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் உள்ள ஆயிலை வழக்கத்தைவிடக் குறைந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றினாலே பல வண்டிகளில் அடைப்பு கரைந்து சத்தம் தணிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் சேறு படிந்த எஞ்சினில் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்ய முயல்வதை நான் ஆதரிப்பதில்லை. பெயர்ந்து வரும் சேறு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

எக்ஸாஸ்ட் கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் உரக்கக் கேட்டு, உலோகம் சூடாகி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொண்டு குறையும் டிக் சத்தம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மேனிஃபோல்டு ஓரத்தில் கரிக்கோடு படிந்திருப்பதும், அதைப் பிடித்திருக்கும் திருகாணியான ஸ்டட் ஒன்று முறிந்திருப்பதும் அதை உறுதிப்படுத்தும். பலர் இதைச் சத்தத் தொந்தரவாக மட்டும் கருதி விட்டுவிடுகிறார்கள். கசிந்து வருவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் அத்தகைய வேனில், இருக்கைக்குக் கீழே உள்ள மூடியின் ரப்பரும் தேய்ந்திருந்தால், அந்தப் புகை பயணிகளிடம் வந்து சேர அதிக தூரம் இல்லை. ஓட்டுநருக்குத் தலைவலியோ குமட்டலோ வண்டியில் ஏறினால் மட்டும் வருகிறது என்றால், வண்டியை உடனே நிறுத்திக் கேஸ்கட்டை மாற்றும்வரை எடுக்கக் கூடாது. புதிய கேஸ்கட்டின் விலையைச் சொல்லித் தயங்குவதற்கு இதில் இடமே இல்லை.

ஃபியூயல் இன்ஜெக்டர்கள் எழுப்பும் மெல்லிய விரைவான டிக் சத்தமும், பெட்ரோல் ஆவியைக் கட்டுப்படுத்தும் பர்ஜ் வால்வின் சத்தமும் இயல்பானவை. அவற்றுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தாலும் டிக் என்று காற்று வெளியேறும், அதைச் சரியாக முறுக்கினால் போதும்.

இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது கனத்த 'டக் டக்' சத்தம். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வந்து, பாரம் ஏறும்போது பெரிதாகும் தட்டல், பிஸ்டனின் தண்டு கிராங்கோடு இணையும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்கினுடையதாக இருக்கலாம். பழைய கார்பரேட்டர் வண்டியில் பட்டறைக்காரர் ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் ஒயரைத் துண்டித்துப் பார்ப்பார்; ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் கோளாறு அந்த பிஸ்டனிலோ பேரிங்கிலோ இருக்கிறது, மாறாமலிருந்தால் மேலே வால்வுப் பகுதியில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்தத் தட்டலுடன் ஆயில் விளக்கும் எரிந்தால், வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது என்றாலும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வர வேண்டும். பேரிங்கோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, அந்த ஒரு தெருவை ஓட்டிக் கடந்ததால் கிராங்கைக் கழற்றிக் கடைசல் பிடிப்பது வரை போய்விடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சத்தங்களில் பல குளிர்ந்த எஞ்சினில்தான் தெளிவாகக் கேட்கும். காரைப் பார்க்கப் போனதும் ஸ்டார்ட் செய்யும் முன்பே பானெட்டைத் திறக்கச் சொல்லி, டேப்பட் கவருக்கு மேல் கையை நீட்டி வெப்பம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், மறுநாள் காலை வரும்வரை எடுக்காமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்து, ஆயில் தேன்போலக் கெட்டியாக இறங்கினால், சென்ற முறை எந்த வகை ஆயில் ஊற்றப்பட்டது என்பதற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்து, முதல் இரண்டு நிமிடங்கள் யாரையும் பேச விடாமல் எஞ்சினை மட்டும் கேளுங்கள்.