மனச்சான்றுவழி மறுப்பு: சொல் விளக்கம்

கடவுள் மறுப்பு என்றால் கடவுளை மறுப்பது. சாதி மறுப்புத் திருமணம் என்றால் சாதியை மறுத்துச் செய்துகொள்ளும் திருமணம். அப்படியென்றால் ‘மனச்சான்று மறுப்பு’ என்று எழுதினால் என்ன பொருள் வரும்? மனச்சான்றையே மறுப்பது என்றுதான் தமிழ்க் காதில் விழும். ‘கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்‌ஷன்’ என்ற தொடருக்குப் பலரும் இந்த இரண்டு சொற்களை அப்படியே ஒட்டி எழுதிவிடுகிறார்கள். நடுவே ‘வழி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும்: மனச்சான்றுவழி மறுப்பு. மனச்சான்று காட்டும் வழியில் நின்று, சட்டமோ மேலதிகாரியோ செய்யச் சொல்லும் ஒரு செயலைச் செய்ய மறுப்பது என்று பொருள்.

இத்தொடர் ஆங்கிலத்தில் பரவிய வரலாறு கொஞ்சம் வியப்பானது. 1898இல் பிரிட்டனின் தடுப்பூசிச் சட்டம், மனச்சான்றைக் காரணம் காட்டி மறுத்த பெற்றோருக்கு விலக்கு அளித்தது. 1916இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது துப்பாக்கி ஏந்த மறுத்தவர்களுக்கு அதே பெயர் போயிற்று. மருத்துவமனைக்குள் அது அழுத்தமாக நுழைந்தது 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தோடு. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனச்சான்று இடம் தராதவர்கள் கருக்கலைப்பில் பங்கேற்க வேண்டியதில்லை என்கிறது. தாயின் உயிரைக் காக்க வேண்டிய நிலையில் அந்த விலக்கு செல்லாது.

முதல் பாதியான ‘கான்ஷியன்ஸ்’ லத்தீனின் ‘கொன்சியென்சியா’விலிருந்து வருவது. ‘உடன் அறிதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். புனித பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லான ‘சுனெய்தேசிஸ்’ என்பதும் அதே கட்டமைப்புதான். நான் செய்வதை எனக்குள்ளேயே இன்னொன்று உடன் நின்று அறிகிறது. வடமொழியின் ‘சாட்சி’ கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நேரில் கண்டவர் என்று பொருள். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் மனச்சாட்சி என்றிருந்தது, இன்று கத்தோலிக்க வழக்கில் மனச்சான்று ஆகியிருக்கிறது. சான்று என்பது ‘சால்’ என்ற வேரிலிருந்து வருவது: நிறைவு, தகுதி. சால்பும் சான்றோரும் அதே குடும்பம். சாட்சியைவிடச் சான்று எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் தனித்தமிழ்ப் பற்று மட்டும் அன்று. கண்டவர் எல்லாரும் சாட்சி ஆகலாம். சான்று சொல்ல ஆளுக்கே ஒரு நிறைவு வேண்டும் என்ற குறிப்பு அச்சொல்லுக்குள் இருக்கிறது. வள்ளுவர் இதற்கு நெஞ்சு என்றே சொல்லிவிட்டார்: ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’.

பேச்சுவழக்கில் ‘மனசு ஒப்பலை’ என்போம். பிடிக்காத மாப்பிள்ளைக்கும் அதைத்தான் சொல்வோம், அநியாயமான கையெழுத்துக்கும் அதைத்தான் சொல்வோம். கத்தோலிக்கத் திருச்சபை சொல்லும் மனச்சான்று விருப்புவெறுப்பு சார்ந்தது அன்று. கடவுள் எழுதி வைத்த சட்டத்தை மனிதர் தமக்குள் கண்டறியும் இடம் அது என்று 1965இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. 1995 மார்ச் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடல், கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் அனுமதிக்கும் சட்டங்களை இம்முறையில் எதிர்ப்பது கடமை என்றே கற்பிக்கிறது. அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது எகிப்தில் இருந்த இரண்டு மருத்துவச்சிகளை. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் ஆணையிட்டான். சிப்ராவும் பூவாவும் கடவுளுக்கு அஞ்சி, குழந்தைகளை வாழவிட்டார்கள். இந்த மறுப்பின் வரலாறே பிரசவம் பார்த்த பெண்களிடமிருந்து தொடங்குகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நம் காலத்தில் இச்சொல்லுக்கு உரை எழுதியது போல் வாழ்ந்து காட்டியவர் பெல்ஜியம் மன்னர் போதுவான். 1990இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கருக்கலைப்பைப் பகுதியளவு அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மன்னரின் கையெழுத்து வெறும் சடங்கு. யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் மார்ச் 30 அன்று பிரதமர் வில்ஃப்ரிட் மார்ட்டென்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். மனச்சான்றுச் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு, மன்னனுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டார். பலர் தம்மைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பதையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றத்தின் பணி தம்மால் முடங்கக் கூடாது, அதற்கு ஒரு வழி காணுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 4 அன்று அமைச்சரவை, மன்னர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என அறிவித்து, அவர் இடத்தில் தானே சட்டத்தில் கையொப்பமிட்டது. மறுநாள் இரு அவைகளும் கூடி அவருக்கு அரச அதிகாரத்தைத் திருப்பித் தந்தன: ஆதரவு 245, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காதோர் 93.

அவருக்கும் அரசி ஃபபியோலாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அரசிக்குக் கரு தங்காமல் ஐந்து முறை கலைந்தது. அந்த வீட்டிலிருந்து வந்த மறுப்பு அது. 2024 செப்டம்பரில் லாக்கெனில் உள்ள அவர் கல்லறையில் திருத்தந்தை பிரான்சிஸ் நின்று வேண்டினார். அவரைப் புனிதராக்கும் பணி தொடங்கப்பட வேண்டும் என்ற விருப்பத்தையும் தெரிவித்தார்.

போதுவானிடம் நான் கற்ற இலக்கணம் இது: மறுப்பவர் அதற்கான விலையைத் தாமே கொடுக்கிறார், பிறர் தலையில் ஏற்றுவதில்லை. ஆகவே ‘புறக்கணிப்பு’, ‘முரண்டு’, ‘போராட்டம்’ ஆகியவை இச்சொல்லுக்கு ஈடாக மாட்டா. ‘டி என் சி கேஸுக்கு (கருப்பையைச் சுரண்டிக் கருவைக் கலைக்கும் சிகிச்சைக்கு) என்னைப் போடாதீங்க மேடம்’ என்று அறுவை அரங்கப் பொறுப்பாளரிடம் சொல்லும் செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலுக்குக் கருவிகளை எடுத்துவைக்க அவர் கை வராது. ஆனால் கருவைக் கலைத்துக்கொண்ட பெண் வார்டுக்கு வந்ததும் அந்தச் செவிலியரே அவருக்கு டிரிப்ஸ் மாற்றுவார், ரத்தப்போக்கைப் பார்ப்பார், குடிக்க வெந்நீர் கொடுப்பார், முகம் சுளிக்காமல் பேசுவார். மறுத்தது செயலை. அந்தப் பெண்ணை மறுத்தால் மனச்சான்று என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. கருவைக் கலைத்துவிட்டு வருந்தும் பெண்களிடம் ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடல் தனியாகப் பேசுகிறது: நம்பிக்கை இழக்காதீர்கள், இரக்கத்தின் தந்தை காத்திருக்கிறார் என்று.

இதனோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘ஒத்துழைப்பு’. கையால் செய்யாமல் ஆள் போட்டுச் செய்வித்தால்? 2014 டிசம்பரில் கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகளின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. பணியாளர்களைப் பிரித்து அனுப்புவதும் மேற்பார்வை செய்வதும் ‘பங்கேற்பு’ ஆகாது, ஆகவே அவற்றை மறுக்க விலக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகப்படி அது சரியாக இருக்கலாம். டூட்டி சார்ட்டில் பெயர் எழுதும் கையும் அந்தச் செயலின் கைதான் என்று அறியும் நெஞ்சுக்கு அது ஆறுதல் தராது.

இந்தியாவில் நிலை இன்னும் இறுக்கமானது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் மனச்சான்று விலக்குப் பிரிவே இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில் 7.15 என்ற எண்ணிட்ட விதி, மருத்துவக் காரணம் இருக்கும்போது மத அடிப்படையில் மட்டும் கருக்கலைப்பை மறுக்கக் கூடாது என்கிறது. தமக்கு அதில் திறமை போதாது என்று மருத்துவர் கருதினால் ஒழிய. இந்த ‘ஒழிய’ என்னை உறுத்துகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது, ‘என் நெஞ்சு இடம் தரவில்லை’ என்று உண்மையைச் சொல்பவருக்கு மூடியிருக்கிறது. தன்நெஞ்சு அறிவதைப் பொய்க்கச் சொல்லும் விதி அது.

நம் மருத்துவர்களும் செவிலியர்களும் கத்தோலிக்க மருத்துவமனைகளைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குண்டூரில் பணியாற்றிய மருத்துவத் துறவி மேரி குளோரி 1943இல் அத்தகைய மருத்துவமனைகளை ஓர் அமைப்பாகத் திரட்டினார். வெளியே வேலை பார்ப்பவர்கள், நோயாளி மேசைமேல் கிடக்கும் நேரத்தில் இந்த மறுப்பை எடுக்கக் கூடாது. பணியில் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடிதத்தில் ‘மத உணர்வு புண்படுகிறது’ என்று எழுத வேண்டாம். ‘பிறவாத உயிரைப் போக்கும் செயலில் மனச்சான்றுவழி மறுப்பைத் தெரிவிக்கிறேன், அவசரத்தில் தாயின் உயிரைக் காக்கும் எல்லாப் பணியும் செய்வேன்’ என்று இரண்டு வரி போதும்.