கொங்கு மண்டலத்துக் கட்டத்தில் இருக்கும் எண் எத்தனை பேர் சொன்னது?

தேர்தல் நெருங்கினால் தொலைக்காட்சியில் அந்தக் கருத்துக்கணிப்பு வரைபடம் வந்துவிடும். வடக்கு, டெல்டா, தெற்கு, கொங்கு என்று தமிழ்நாட்டை நாலாகப் பிரித்து, எந்தக் கூட்டணிக்கு எத்தனை சதவீதம் என்று நிறம் பூசிக் காட்டுவார்கள். மறுநாள் காலையில் கோவையிலும் ஈரோட்டிலும் டீக்கடைப் பேச்சு அதுதான். கொங்கில் மட்டும் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதை அந்த வரைபடம் பெரும்பாலும் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மாநிலம் முழுக்க 2,000 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஆட்களை முறையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் பிழை வரம்பு, அதாவது கணிப்பு எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது, கூட்டியோ குறைத்தோ 2.2 சதவீதப் புள்ளி. திரையின் அடியில் ஓடுவது இந்த எண்தான். அதே 2,000 பேரை 234 தொகுதிக்கும் சமமாகப் பிரித்தால், கோவை மாவட்டத்தின் 10 தொகுதிக்கும் சேர்த்து 85 பேர்தான் தேறுவார்கள். அந்த 85 பேரை வைத்துச் சொல்லும் சதவீதத்துக்குப் பிழை வரம்பு 10 புள்ளியைத் தாண்டிவிடும். ‘கோவையில் 42-க்கு 36’ என்று தலைப்புப் போட அதில் ஆதாரமே இல்லை. இன்னொன்றும் உண்டு: பிழை வரம்பு ஒரு கட்சியின் எண்ணுக்கு உரியது. இரண்டு கட்சிக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாநில அளவிலேயே 3 புள்ளி வித்தியாசத்தை ‘முன்னிலை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. போன மாதம் 36, இந்த மாதம் 38 என்றால் ‘செல்வாக்கு உயர்வு’ என்று எழுதுவதும் இதே தவறுதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும். கோபியின் வாய்க்கால் பாசனம், பல்லடம் விசைத்தறி, வால்பாறை தேயிலைத் தோட்டம், திருப்பூர் பனியன் கம்பெனி எல்லாம் தனித்தனிப் பானை. ஐந்து ஊரை மட்டும் தேர்ந்து ஊருக்கு நாற்பது பேரைக் கேட்டால், தலைக்கணக்கு 200 வரும். ஒரே வீதிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள் என்பதால், அதன் மதிப்பு 200-க்கு வெகுவாகக் கீழே போய்விடும்.

நேரமும் எண்ணை மாற்றும். திருப்பூரில் காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால் கம்பெனிக்குப் போனவர்கள் யாரும் அகப்பட மாட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். அதற்குக் காசும் நாளும் ஆகும். அதைத் தவிர்க்க பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் நின்று, எதிரே வருகிறவர்களைக் கேட்டுக் கேள்வித்தாளை நிரப்பினால், தறியில் இருப்பவரும் தோட்டங்காட்டில் இருப்பவரும் விட்டுப்போவார்கள். “உங்களுக்கு ஓட்டு எந்த ஊர்லீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். திருப்பூரில் வேலை செய்யும் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது. இதைக் கேட்காமல் எடுத்த தாள்கள் வீண்.

அடுத்து, “பாக்கலாமுங்க, இன்னும் நாள் இருக்குதுங்களே” என்கிறவர்கள். செய்தியில் அடியோடு காணாமல் போவது இவர்கள்தான். 500 பேரில் 100 பேர் இப்படிச் சொல்லி, 190 பேர் ஒரு கூட்டணியையும் 170 பேர் இன்னொன்றையும், மிச்சம் 40 பேர் மற்றவர்களையும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எண் 38-க்கு 34. முடிவு செய்யாதவர்களைக் கழித்துவிட்டு 400-க்குச் சதவீதம் போட்டால் 47.5-க்கு 42.5 ஆகிறது. ஒரு ஆள்கூட மாறாமல் 4 புள்ளி வித்தியாசம் 5 ஆகிவிட்டது. ஐந்தில் ஒருவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதுதான் செய்தி, அது அச்சேறவில்லை.

கணிப்பை யார் எடுத்தார்கள், யார் எடுக்கச் சொன்னார்கள், எத்தனை பேர், எப்படித் தேர்ந்தார்கள், பிழை எவ்வளவு என்பதை முகப்பிலேயே சொல்ல வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை இருக்கிறது. இவை இல்லாத செய்தியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாமல் அங்கேயே நிறுத்துங்கள். யூடியூப் வாக்கெடுப்பில் லட்சம் பேர் அழுத்தினாலும் அது கணிப்பு ஆகாது. 1936-ல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று அது சொன்னது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார்.

சதவீதத்தைத் தொகுதியாக மாற்றும் இடத்தில்தான் கொங்கு அதிகம் ஏமாறுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி மாநிலத்தில் 159 தொகுதிகளைப் பிடித்தது. கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. மாநிலச் சராசரியை எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவாகத் தடவினால் இது தெரியாது. அதே தேர்தலில் கோவை தெற்கில் வானதி சீனிவாசனுக்கும் கமல்ஹாசனுக்கும் இடையே வித்தியாசம் 1,728 ஓட்டு, பதிவானதில் ஒரு சதவீதம் சொச்சம். பிழை வரம்பை 1 புள்ளிக்குக் கொண்டுவரவே ஒரு தொகுதியில் 9,600 பேரைக் கேட்டாக வேண்டும். 2,000 பேர் கணிப்பில் ஒரு தொகுதிக்கு விழுவது எட்டு ஒன்பது பேர்.