கன்டெய்னர் கேட்டில் ‘ஏஐ கேமரா’ வைக்கும் முன்

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டு நடத்துகிறவர்கள், கேட்டைக் கடக்கும் கன்டெய்னரின் எண்ணைப் படமெடுத்துத் தானே வாசிக்கும் கேமராவுக்கான கொட்டேஷனைக் காட்டி யோசனை கேட்டால், ‘விஷன் என்ஜின் (படத்தை அலசும் மென்பொருள்) ஆண்டு உரிமக் கட்டணம்’ என்ற வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பல சமயம் அந்த என்ஜினுக்குள் இருப்பது ஓப்பன்சிவி. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய திறந்தமூல மென்பொருள் நூலகம், அதாவது படங்களைக் கையாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு அது. முன்பு பிஎஸ்டி உரிமம். 2020இல் வந்த 4.5.0 பதிப்பு முதல் அப்பாச்சி 2.0. இரண்டிலுமே தொழிலுக்குப் பயன்படுத்தக் காசு கிடையாது. பொருத்துகிறவரின் உழைப்புக்குத் தாராளமாகக் கொடுங்கள். நூலகத்துக்கு வாடகை எதற்கு?

அதற்காகக் கூட வருவதெல்லாம் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். படத்தில் கன்டெய்னர் எங்கே என்று கண்டுபிடிக்க அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் யோலோ ஏஐ மாடல்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவை ஏஜிபிஎல் 3.0 உரிமத்தில் வருபவை: அவற்றைச் சேர்த்த மென்பொருளின் மூலநிரலைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையேல் தனியாக வணிக உரிமம் வாங்க வேண்டும். எதற்கு எந்த உரிமம் என்று எழுதி வாங்குங்கள்.

சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, நிழலில் மங்கிய எழுத்தைத் துலக்குவது ஓப்பன்சிவியின் வேலை. எண்ணை வாசிப்பது பெரும்பாலும் பயிற்சி பெற்ற வேறொரு மாடல். துருவும் நெளிதகடும் சேர்ந்தால் அது 3ஐ 8 என்று வாசிக்கும். இதைப் பிடிக்க ஏஐ எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேசத் தரப்படி கன்டெய்னர் எண்ணில் 11 இடங்கள்: 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு எண் மதிப்பு உண்டு. முதல் பத்து இடங்களையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. ஓரிலக்கம் பிசகினாலும் அநேகமாகக் கணக்கு உதைக்கும். இந்தச் சோதனையைச் செய்யாத மென்பொருளை, எத்தனை அழகான திரை காட்டினாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

டெமோவை உங்கள் கேட்டிலேயே, இரவில், லாரியின் முகப்பு விளக்கு நேரே அடிக்கும்போது கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய யார்டுகளில் கேமராக் கண்ணாடியில் உப்பும் தூசியும் சேர்ந்து படலம் கட்டும். மென்பொருள் மேல் வரும் புகார்களில் பல, ஈரத்துணியால் துடைத்ததும் தீர்ந்துவிடும். கணக்கு உதைத்த படம் உடனே கேட் எழுத்தரின் திரைக்கு வந்து, அவர் கையால் திருத்த வழி இருக்க வேண்டும். படங்கள் யாருடைய சர்வரில், எத்தனை நாள் இருக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். ஓட்டுநரின் முகமும் அவற்றில் பதிகிறது.