லாட் தேறியது என்றால் உங்கள் மீட்டர் தேறியது என்று அர்த்தமில்லை

"தங்கள் மீட்டர் அடங்கிய தொகுதி மாதிரி ஆய்வில் தேர்ச்சி பெற்றுள்ளதால் புகார் முடித்து வைக்கப்படுகிறது." உதவி கேட்டு வந்த ஒருவர் என்னிடம் நீட்டிய கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. வீட்டில் இரண்டே பேர். தண்ணீர்க் கட்டணம் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. அவர் வீட்டு மீட்டரை யாரும் கழற்றவில்லை, சோதிக்கவும் இல்லை. வேறு எங்கோ கழற்றிய சில மீட்டர்கள் சரியாக ஓடின, ஆகவே இவருடையதும் சரி என்று கோப்பை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் இதே மாதிரிக் கடிதங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். தராசும் மீட்டரும் செய்யும் சிறு பட்டறைக்காரர்கள், தவறாக எடுத்த மாதிரியால் ஒரு லாட் (சோதனைக்கு ஒன்றாக வைக்கும் கருவித் தொகுதி) முழுவதும் முடங்கிப்போய் நின்றதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வணிகத்தில் பயன்படும் அளவுக் கருவி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து முத்திரையிடுவதுதான் பழைய வழக்கம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கருவிகள் வரும்போது சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, முழுத் தொகுதிக்கும் முடிவு சொல்லச் சட்டங்கள் இடம் தருகின்றன. புதிதாகத் தயாரான லாட்டுக்கும் இது உண்டு, வீடுகளில் ஏற்கெனவே ஓடும் மீட்டர்களுக்கும் உண்டு. ஓடும் மீட்டர்களை இப்படிக் கண்காணிப்பதற்கென்றே சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஓஐஎம்எல் 2017-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஜெர்மனியில் தண்ணீர் மீட்டருக்கு 6 ஆண்டு, எலக்ட்ரானிக் மின்மீட்டருக்கு 8 ஆண்டு, தட்டு சுழலும் பழைய மின்மீட்டருக்கு 16 ஆண்டு என்று முத்திரைக்குக் கெடு இருக்கிறது. கெடு முடிவதற்குள் மாதிரி தேறினால், தொகுதி முழுவதையும் மாற்றாமல் நீட்டிப்பு வாங்கலாம். முறையில் தப்பில்லை. எல்லா மீட்டரையும் கழற்றினால் அந்தச் செலவும் கடைசியில் நம் தலையில்தான் விழும்.

சிக்கல் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. மாதிரி ஆய்வு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், அதில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசாது. 1000 மீட்டர் கொண்ட ஒரு லாட்டில் 30 பழுது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 66 மீட்டரை எடுத்துச் சோதிக்கிறார்கள், ஒன்று வரை பழுது இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். கணக்குப் போட்டால் அந்த லாட் தேறுவதற்கு ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தேறிவிட்டால் 30-ல் பெரும்பாலானவை யார் வீட்டிலாவது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு அளவுக் கருவி விதிமுறையே இதை மறைக்கவில்லை. 7 சதவீதம் பழுதான தொகுதிகூட 5 சதவீத வாய்ப்பில் தேறிவிடலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அங்கே மாதிரித் திட்டம் வகுக்கிறார்கள்.

அதனால் மேலே சொன்ன கடிதம் உங்களுக்கு வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். "என் மீட்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தொகுதி முடிவும் தனிச் சோதனையும் வேறு வேறு. உங்கள் நாட்டு எடையளவுச் சட்டத்திலோ, இணைப்பு ஒப்பந்தத்திலோ தனிச் சோதனை கேட்பதற்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிரிவின் எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். பிரிவு எண் போட்ட கடிதத்தை அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். கட்டணம் எவ்வளவு, மீட்டர் தப்பு என்று வந்தால் அது திரும்பக் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

மீட்டரைக் கழற்றும்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். ரீடிங், வரிசை எண், சீல் மூன்றையும் போட்டோ எடுங்கள். பைக்குள் போட்டு உங்கள் முன்னாலேயே சீல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மீட்டரைக் கழற்றி வாரக்கணக்கில் காயவிட்டுச் சோதித்தால், உள்ளே படிந்தது இறுகியோ உதிர்ந்தோ அது வேறு மாதிரி ஓடக்கூடும். கழற்றிய தேதிக்கும் சோதித்த தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று அறிக்கையில் தேடுங்கள்.

அறிக்கை வந்ததும் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் உள்ளது" என்று எழுதியிருக்கும். எந்த அனுமதி? முதல் முத்திரையின்போது ஓர் எல்லை, பயன்பாட்டில் இருக்கும்போது இன்னோர் எல்லை. தராசுகளுக்கான ஓஐஎம்எல் பரிந்துரையில் பயன்பாட்டு எல்லை முதல் எல்லையைப் போல இரண்டு மடங்கு. சரிபார்ப்புப் படி (பிழை எல்லையைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் எடை அளவு) 5 கிராம் உள்ள சாதாரண கடைத் தராசுக்கு, இரண்டரைக் கிலோ வரை முத்திரையின்போது கூடவோ குறையவோ 2.5 கிராம்தான் இடம். கடையில் ஓடும்போது 5 கிராம். பழைய கருவிக்கு இரட்டை எல்லை சட்டப்படி சரி. ஆனால் புதிய லாட்டை இரட்டை எல்லை வைத்துத் தேற்றியதையும், பழைய மீட்டரைப் புது எல்லை வைத்துத் தள்ளியதையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லை எது என்று அறிக்கையில் எண்ணாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

சில சமயம் லாட் தேறாமல் போய், அதைக் காட்டி "உங்கள் மீட்டர் இத்தனை வருடம் குறைவாகக் காட்டியிருக்கிறது" என்று பழைய பாக்கி கேட்டு நோட்டீஸ் வரும். இங்கேயும் பதில் அதேதான். தொகுதி தோற்றதால் உங்கள் மீட்டர் தப்பு என்று ஆகிவிடாது. உங்கள் வரிசை எண் போட்ட சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். கெடுவுக்குள் மறுப்புக் கடிதமும் கொடுத்துவிடுங்கள், மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி கருவி செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும். முதல் கண்ணி லாட் என்றால் என்ன என்பதிலேயே இருக்கிறது. ஒரே வகை, ஒரே திறன், ஒரே தயாரிப்பு நிலைமை, இப்படி எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரு லாட். ஆர்டர் அவசரத்தில் போன வருடத்து மீதி ஐம்பதையும் சேர்த்து அனுப்பினால், அந்த ஐம்பதில் விழும் ஒரு தோல்வி புதிய ஆயிரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பழையதைத் தனி லாட்டாகவே கொடுங்கள், கட்டணம் இரண்டு தடவை ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது "பத்து சதவீதம் எடுக்கிறோம்" என்ற பேச்சு. பல அலுவலகங்களில் இதை விதி மாதிரியே சொல்கிறார்கள். மாதிரியின் வலு முக்கியமாக எண்ணிக்கையில்தான் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை. 50 கருவியில் 5 பழுது இருக்கும்போது பத்து சதவீதம் என்று 5 எடுத்தால், ஒரு பழுதும் கண்ணில் படாமல் தேறுவதற்கு 58 சதவீத வாய்ப்பு. 5000 கருவியில் பத்து சதவீதம் என்றால் 500. அவ்வளவு சோதிக்கத் தேவையே இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கட்டணம் கட்டுவீர்கள். எத்தனை எடுப்பது, எத்தனை தோல்வி வரை ஏற்பது என்ற இரண்டு எண்களையும் சோதனைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். முடிவு தெரிந்த பிறகு சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை.

எந்தெந்தக் கருவி என்பதையும் குலுக்கல் எண்தான் தீர்மானிக்க வேண்டும். மேல் பெட்டியில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போனால் அது மாதிரியே ஆகாது. நீங்களே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அப்போதைக்கு வேலை முடியும், பின்னால் கடையில் ஒரு தராசு பிடிபட்டால் முழு லாட்டின் முத்திரையும் கேள்விக்குள்ளாகும். வீட்டு மீட்டர் மாதிரிகளில் "வீடு பூட்டியிருந்தது", "வெளிப்புறச் சேதம்" என்று விலக்கியவை எத்தனை, அவற்றுக்குப் பதிலாக எவை வந்தன என்ற பட்டியலைக் கேளுங்கள். அழகான முடிவுகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் உருவாகின்றன.

தோற்ற பிறகு "இன்னொரு மாதிரி எடுத்துப் பார்ப்போம்" என்று யாராவது உதவுவதுபோலச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன 40 சதவீத வாய்ப்புள்ள லாட்டுக்கு மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தால் ஒரு தடவையாவது தேறுவதற்கு ஏறத்தாழ 80 சதவீதம். இரண்டாம் மாதிரி திட்டத்தில் முதலிலேயே எழுதியிருந்தால் மட்டும்தான் செல்லும். இல்லையென்றால் லாட் முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டதைப் பிரித்து, திருத்தி, மறுபடி கொடுப்பதே நேரான வழி. ஐரோப்பிய விதிமுறைப்படி லாட்டுகள் அடிக்கடி தோற்றால் மாதிரி முறையில் சோதிக்கும் வசதியையே நிறுத்தி வைக்கலாம். லாட் தேறினாலும், மாதிரியில் தோற்ற கருவிகளுக்கு அந்தத் தேர்ச்சி பொருந்தாது. அவற்றை மறுபடி பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். சான்றிதழ் நகலைத் தயாரிப்பாளர் 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் அங்கே விதி இருக்கிறது. எங்கே இருந்தாலும் அவ்வளவு காலம் வையுங்கள், மாதிரியாகப் போன வரிசை எண்களின் பட்டியலோடு சேர்த்து.